எந்த இல்லத்துக்கும் சேராத நிறம்

எட்டு வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைகளின் ஐம்பது மீற்றர் ஓட்டம் ஒரு வெடிச் சத்தத்தோடுதான் தொடங்க வேண்டும் என்பதில், லண்டன் பிளேஸ்டோவில் சனிக்கிழமைதோறும் நடக்கும் எங்கள் தமிழ்ப் பாடசாலையில் என்றைக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. கருத்து வேறுபாடு இல்லாத விடயங்கள் அங்கே மிகக் குறைவு என்பதால் இதை முதலிலேயே பதிவு செய்துவிடுவது நல்லது. பாடசாலையை யார் தொடங்கினார், பாடசாலைக் கீதத்தின் இரண்டாவது சரணத்தைப் பாட வேண்டுமா, ஈஸ்ட் ஹாமில் அதே பெயரில் நடப்பதும் பாடசாலைதானா என்பவை எல்லாம் இன்னும் பரிசீலனையில் இருக்கின்றன. வெடி மட்டும் முடிந்த முடிவு.

அந்த வெடியை வைப்பவர் குலசேகரம். குட்மேய்ஸில் வசிப்பவர், பெற்றோல் ஷெட் ஒன்றில் நெடுங்காலம் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். வருடாந்த விளையாட்டுப் போட்டி அழைப்பிதழில் 'ஆரம்ப அலுவலர்' என்று அவருடைய பெயர் அச்சாகும். நடுவர்களுக்குக் கீழே, குளிர்பான அனுசரணையாளருக்கு மேலே. பதவி சிறியதுதான். ஆனால் அவர் கையை உயர்த்தும்போது மைதானத்தில் நிற்கும் அத்தனை தமிழரும் ஒரு கணம் வாய் மூடி அந்தக் கையைப் பார்ப்பார்கள் என்று அவர் நம்பினார். லண்டனில் வேறு எந்தத் தமிழருக்கும் இப்படியொரு கணம் வாய்ப்பதாகத் தெரியவில்லை. அதற்காக அவர் மற்ற எல்லா நாட்களையும் பொறுத்துக்கொண்டார்.

அவரிடம் இருந்தது ஒரு கறுப்பு நிறக் கைத்துவக்கு. குண்டு போகாது. சத்தமும் ஒரு துளி புகையும் மட்டும் வரும். இந்த வருடம் மைதானத்துக்குப் புதிதாக வந்த நிர்வாகி பிலிப்பா, முன்பதிவு செய்யப் போன குலசேகரத்திடம் அதைக் காட்டச் சொன்னார்.

"இது துவக்கு மாதிரி இருக்கிறதே" என்றார் பிலிப்பா.

"துவக்குத்தான்."

"உண்மையான துவக்கு என்று யாராவது நினைத்துவிடுவார்கள்."

"உண்மையான துவக்கு இல்லை."

"தெரியும். உண்மையானதாக இருந்தால் அதற்கு வேறு சட்டம். இது உண்மையானது போல இருக்கும் பொய். பொய் என்றால் பொய் போலத் தெரிய வேண்டும். அதுதான் சட்டம்."

சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்பதை எல்லோரும் பிறகு தேடிப் பார்த்து உறுதி செய்துகொண்டார்கள். பளிச்சென்ற சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீலம், ஊதா, றோஸ் ஆகியவற்றில் ஒன்று துவக்கின் பிரதான நிறமாக இருக்கவேண்டும். அல்லது துவக்கு கண்ணாடி போல ஊடுபார்க்கக்கூடியதாக இருக்கவேண்டும்.

"எந்த நிறம் உங்களுக்கு விருப்பம்?" என்று குலசேகரம் மரியாதையாகக் கேட்டார்.

"எனக்கு எதுவானாலும் சரி" என்றார் பிலிப்பா. எங்களுடைய துன்பங்கள் எல்லாம் இந்த வாக்கியத்திலிருந்துதான் தொடங்கின. அவர் ஒரு நிறத்தைச் சொல்லித் தொலைத்திருந்தால், அவரைத் திட்டிக்கொண்டே எல்லோரும் ஒற்றுமையாக இருந்திருப்போம்.

செய்தி நிர்வாகக் குழுவுக்குப் போயிற்று. உறுப்பினர் நிரூபன் கணினித் துறையில் வேலை செய்கிற இளம் தகப்பன். "துவக்கே தேவையில்லை அண்ணை" என்றார். "என்ரை போனிலை ஒரு அப் இருக்கு. அமத்தினால் பீப் எண்டு கேக்கும். ஸ்பீக்கரிலை குடுக்கலாம்."

"பீப் எண்டால் மைக்ரோவேவ்தான் திறப்பினம்" என்றார் குலசேகரம். "பிள்ளையள் ஓடாதுகள்."

தலைவர் றெஜினோல்ட் மன்னார்க்காரர், தேவாலயப் பங்குச் சபையிலும் தலைவர். எந்தப் பக்கமும் சாயாமல் பேசிப் பழகியவர். அடுத்த கூட்டத்துக்கு முன் துவக்குக்குச் சட்டப்படி நிறம் பூசப்படாவிட்டால் போட்டிகள் பீப் சத்தத்துடன் ஆரம்பிக்கப்படும் என்றும், ஆரம்ப அலுவலர் பதவி உரிய நன்றிகளுடன் நிறைவுக்குக் கொண்டுவரப்படும் என்றும் அவர் அறிவித்தார்.

குலசேகரம் வீட்டுக்குப் போய்ப் படிக்கத் தொடங்கினார். துவக்குக்கு வீட்டிலேயே நிறம் பூசுவது எப்படி என்பதை விளக்க, அமெரிக்காவில் தாடி வளர்த்த மனிதர்கள் தங்கள் கராஜ்களிலிருந்து காணொளி வெளியிடுகிறார்கள். அவர்களில் ஒருவரைக் குலசேகரம் குருவாக ஏற்றார். அந்த மனிதர் துவக்குக்குப் பாலைவன நிறமும் காய்ந்த இலை நிறமும் பூசுவார். துவக்கு யார் கண்ணிலும் படக்கூடாது என்பது அவருடைய கவலை. எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் என்பது குலசேகரத்தின் கவலை. இதைத் தவிர இருவருக்கும் கொள்கை வேறுபாடு இல்லை.

ஸ்பிறே டின் போதுமா, காற்றழுத்த இயந்திரத்தோடு சேர்ந்த சிறிய தெளிப்பான் வேண்டுமா என்பது முதல் கேள்வி. டின் வழியும், திட்டுத்திட்டாக நிற்கும் என்றார் குரு. தெளிப்பான் பனி போல இறங்கும் என்றார். தெளிப்பான் வாங்கப்பட்டது. அதை ஓட்டும் இயந்திரம் வாங்கப்பட்டது. இயந்திரத்தின் சத்தத்துக்குக் காதடைப்பான் வாங்கப்பட்டது. எண்ணெய்ப் பிசுக்கை அகற்றும் திரவம், அரத்தாள், அடிப்பூச்சு, மறைப்பு நாடா, மூக்குக் கவசம் ஆகியனவும் வந்து சேர்ந்தன. ஒரு ஜாம் போத்தலுக்குள் அடங்கக்கூடிய துவக்கு, தன்னைச் சுற்றி ஒரு கராஜை நிரப்பிக்கொண்டது.

பெயிண்ட் மட்டும் கிடைக்கவில்லை. இல்பேர்ட்டில் உள்ள கடையில் நின்றவர் திருச்சிப் பக்கத்துப் பெண்.

"பளிச்சுன்னு சிவப்பா? அங்கிள், இப்ப யாரு கலர் வாங்குறா? கதவு, சுவரு, வேலி, எல்லாமே சாம்பல்தான். இங்க பாருங்க, ஈர மணல் சாம்பல். இது ஞாயித்துக்கிழமைச் சாம்பல். இது நேர்மையான சாம்பல், நல்லாப் போகுது."

"நேர்மையில்லாத சாம்பலும் இருக்குதோ?"

"ஆமா, அது கொஞ்சம் நீலம் அடிக்கும்."

லண்டன் நகரம் தன் கதவுகளை எல்லாம் சாம்பலாக்கி முடித்த காலத்தில், அதே நகரத்தில் நிறம் கட்டாயமான ஒரே பொருளைக் கையில் வைத்துக்கொண்டு குலசேகரம் கடை முழுவதும் நடந்தார். கடைசியில் சிறுவர் சைக்கிள்களுக்கான மூலையில், தூசி படிந்து ஒரு சிவப்பு இருந்தது.

பூசுவது சுலபமாக நடந்தது. குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைப்பெட்டிக்குள் கம்பியில் துவக்கைத் தொங்கவிட்டு, குரு சொன்னபடி மெல்லிய பூச்சாகத் தெளித்தார். அது சூட்டில் இறுக வேண்டும். வீட்டு ஓவனில் மனைவி தவநாயகி யாருடைய பிறந்தநாளுக்கோ கேக் வைத்திருந்தார். ஆகவே துவக்கு, எண்ணெயின்றிப் பொரிக்கும் எயார் பிறையருக்குள் போயிற்று.

"இஞ்சேருங்கோ, அதுக்குள்ளை என்ன வேகுது?" என்றார் தவநாயகி.

"துவக்கு."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணித்தியாலம்."

"இடையிலை திருப்பிப் போடத் தேவையில்லையோ?"

குலசேகரம் காணொளியை மீண்டும் பார்த்தார். தேவையில்லை. அதன் பிறகு அந்தப் பெட்டியில் சமையல் நடக்கவில்லை. அது கராஜுக்குப் பதவி உயர்வு பெற்றுச் சென்றது.

சிவப்புத் துவக்கு கூட்டத்தில் வைக்கப்பட்டபோது ஒரு கணம் எல்லோரும் அதன் பூச்சை வியந்தார்கள். அப்போது மெற்றில்டா எழுந்தார். அவர் பாண்டியன் இல்லத்துப் பெற்றோரின் பிரதிநிதி.

"குலம் அண்ணை, சேரன் இல்லத்தின்ரை நிறம் என்ன?"

இங்கே வெளியாருக்கு ஒரு விளக்கம் தேவை. எங்கள் பிள்ளைகள் நான்கு இல்லங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறார்கள். சேரன் சிவப்பு, சோழன் மஞ்சள், பாண்டியன் நீலம், பல்லவன் பச்சை. அந்த அரச வம்சங்கள் முன்பு ஒருவரோடொருவர் சமாதானமாக வாழ்ந்ததாகச் சரித்திரம் சொல்லவில்லை. பிளேஸ்டோவில் அந்தக் குறை தொடர்ந்து பேணப்படுகிறது.

"சிவப்புத்தான் கிடைச்சது தங்கச்சி" என்றார் குலசேகரம்.

"ஓம், கிடைக்கும். தலைவரின்ரை பிள்ளையளும் சேரன்தானே. சிவப்பு ரீசேட் போட்ட பிள்ளை சிவப்புத் துவக்கைப் பாத்தால் என்ன செய்யும்? தன்ரை ஆள் கூப்பிடுறார் எண்டு முதல் ஓடும்."

இது எடுபடாது என்று நீங்கள் நினைப்பீர்கள். நிரூபன் உடனே எழுந்து, தெரிந்த நிறத்துக்கு மனித மூளை வேகமாக எதிர்வினை காட்டும் என்று எங்கேயோ ஆய்வு இருப்பதாகச் சொன்னார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. ஆய்வு என்ற சொல்லுக்கு எங்களிடம் அவ்வளவு மரியாதை. எந்த இல்லத்துக்கும் சேராத நிறம் ஒன்று தேடப்பட வேண்டும் என்று முடிவாயிற்று.

சட்டம் அனுமதித்த ஏழில் நான்கு போக மூன்று மிஞ்சின.

"செம்மஞ்சள்?" என்றார் றெஜினோல்ட்.

"செம்மஞ்சள் எண்டால் என்ன? சிவப்பும் மஞ்சளும். சேரனும் சோழனும் கூட்டு" என்றார் மெற்றில்டா.

"ஊதா?"

"சிவப்பும் நீலமும். எங்களையும் சேர்த்து விக்கப் பாக்கிறியள். அதோடை அது பெரிய வெள்ளிக்கிழமைக்குச் சேர்ச்சிலை மாதா சுருவத்தை மூடுற துணியின்ரை நிறம்."

"றோஸ்?"

"சிவப்பும் வெள்ளையும். சேரனுக்குத் தண்ணி விட்டது."

இவ்வாறாக, இந்த நாட்டின் சட்டம் எங்கே திரும்பினாலும் சேரன் இல்லத்துக்குச் சார்பாகவே இயற்றப்பட்டுள்ளது என்பது அன்று வெளிச்சத்துக்கு வந்தது. சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகப் பூசினால் என்ன என்று ஒருவர் கேட்டார். தமிழர் கையில் இருக்கும் ஒரு துவக்கில் அந்த இரண்டு நிறமும் சேர வேண்டாம் என்று இன்னொருவர் மெல்லச் சொன்னார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கதவு சாத்தியிருக்கிறதா என்று மட்டும் ஒருவர் எழுந்து பார்த்துவிட்டு வந்தார். அன்றைய கூட்டத்தில் ஏகமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் அது.

நான்கு நிறத்தையும் சமமாகப் பூசுவது என்று அடுத்த யோசனை வந்தது. குலசேகரம் மறைப்பு நாடாவை ஒட்டி அளக்கத் தொடங்கியபோதே, கைப்பிடிப் பகுதி பல்லவனுக்கு ஒதுக்கப்பட்டது தெரியவந்தது. "எங்கட நிறத்தை உள்ளங்கையாலை மூடிப்போட்டு மற்றவையின்ரை நிறத்தைக் காட்டப் போறியளோ?" என்று பல்லவன் பெற்றோர் கேட்டார்கள். கையுறையைப் பச்சையாகப் போடுவதாக அவர் இறங்கி வந்தார். ஆனால் பிலிப்பா தொலைபேசியில் அந்த யோசனையை முடித்துவைத்தார். பிரதான நிறம் ஒன்றாக இருக்க வேண்டும். நான்கு சமம் என்றால் பிரதானம் எது?

"எதையாவது ஒன்றைத் தெரிவு செய்யுங்கள், ஐயா" என்றார் பிலிப்பா.

"அதைத்தான் செய்ய ஏலாமல் கிடக்கு" என்றார் குலசேகரம்.

ஊடுபார்க்கும் துவக்குப் பற்றியும் யோசிக்கப்பட்டது. அவர் மறுபடி இல்பேர்ட் கடைக்குப் போனார்.

"பூசினால் பொருள் கண்ணுக்குத் தெரியாமல் போற பெயிண்ட் இருக்குதோ பிள்ளை?"

"அதுக்குத்தான் அங்கிள் சாம்பல் வச்சிருக்கோம்."

போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தது. நிரூபன் தன் ஸ்பீக்கரைக் கூட்டத்துக்கே கொண்டுவந்து, மேசையில் வைத்து, ஒரு தடவை பீப் அடித்துக் காட்டினார். மூலையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து தன் போனைத் தேடினார். குலசேகரத்தின் முகத்தைப் பார்த்த றெஜினோல்ட், பங்குச் சபையில் எத்தனையோ சண்டைகளை முடித்து வைத்த கையால் பேனாவை எடுத்து எழுதி, எழுந்து நின்று வாசித்தார்:

"சேரன் இல்லத்தின் பெற்றோராகிய நாம், றோஸ் நிறத்தினுள் கலந்துள்ளதாகக் கூறப்படும் சிவப்பின் மீது எமக்கு இருந்த, இருக்கின்ற, இனி இருக்கக்கூடிய சகல உரிமைகளையும் பாத்தியதைகளையும் எவ்வித நிர்ப்பந்தமும் இன்றி இத்தால் துறக்கிறோம்."

கைதட்டல் எழுந்தது. மற்ற மூன்று இல்லங்களும் ஏற்றுக்கொண்டன. குலசேகரத்தின் கண் கலங்கியது. அவர் துவக்கைத் துணியில் சுற்றும்போது மெற்றில்டா கேட்டார்:

"மேலை றோஸ். சரி. கீழை என்ன?"

"கீழை… முதல் பூசின சிவப்பு."

"அப்ப துவக்கின்ரை மனசிலை சேரன்தான் இருக்கிறார்."

"சுரண்டி எடுத்துவிடுறன் தங்கச்சி."

"என்னது?" என்று சேரன் பக்கத்திலிருந்து குரல்கள் வந்தன. "எங்கட நிறத்தைச் சுரண்டுறதோ? துறந்தது றோஸிலை உள்ள சிவப்பை. சிவப்பிலை உள்ள சிவப்பை இல்லை."

நியாயமான பேச்சு. எனவே சிவப்பின் மேல் மஞ்சள், மஞ்சளின் மேல் நீலம், நீலத்தின் மேல் பச்சை பூசப்பட்டு, நான்கு இல்லங்களும் உள்ளே சம அந்தஸ்துடன் இருக்க, வெளியே றோஸ் பூசப்படும் என்று தீர்மானம் திருத்தப்பட்டது. ஒவ்வொரு நிறமும் பிடிப்பதற்கு இடையில் ஓர் அடிப்பூச்சு வேண்டும் என்று குரு சொல்லியிருந்தார். குலசேகரம் குருவை மீறவில்லை. ஒவ்வொரு பூச்சும் எயார் பிறையரில் இறுகி வெளியே வந்தது. துவக்கு கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்தது.

"உது இப்ப துவக்கு மாதிரியே இல்லை" என்றார் தவநாயகி. "கேக்குக்கு மேலை வைக்கிற சாமான் மாதிரிக் கிடக்கு."

"அதைத்தான் சட்டம் கேக்குது" என்றார் குலசேகரம் பெருமையோடு. பிலிப்பாவும் பார்த்து, தான் கண்டதிலேயே மிகவும் சட்டபூர்வமான துவக்கு இதுதான் என்று பாராட்டினார். அதைக் குலசேகரம் சுட்டுப் பார்க்கவில்லை. குட்மேய்ஸில் வீட்டுக்குப் பின்னால் வெடி வைத்துப் பார்ப்பது, பிறகு பலருக்குப் பல விளக்கம் சொல்ல வேண்டிய காரியம்.

போட்டி நாள் நல்ல வெயில். சுடச்சுட ரோல்ஸ் பொரித்த கடைக்கு முன்னால் வரிசை. ஒலிபெருக்கியில் பாட்டு. எட்டு வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைகள் கோட்டில் நின்றார்கள். குலசேகரம் வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "உங்கள் இடங்களில்!" என்றார். "தயார்!" என்றார். றோஸ் துவக்கோடு கையை வானத்துக்கு உயர்த்தி விசையை அமுக்கினார்.

விசை அசையவில்லை. நான்கு அரச வம்சங்களும் அதற்குள் இறங்கி உறைந்திருந்தன.

அவர் இரண்டு விரலால் அமுக்கினார். "நில்லுங்கோ" என்று சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் பிள்ளைகள் அப்போது பாதித் தூரம் போயிருந்தார்கள். கயிறு கட்டிய ஓட்டப்பாதைக்கு இரண்டு பக்கமும் நின்ற தாய்மாரும் தகப்பன்மாரும் "ஓடு! ஓடு பிள்ளை! அங்காலை பாராதை, ஓடு!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நேரம் குறிப்பவர்கள் ஓடும் கால்களைப் பார்த்துக் கடிகாரத்தை அமுக்கினார்கள். சென்ற வருடங்களில் அவர்கள் எதைப் பார்த்து அமுக்கினார்கள் என்பது இதுவரை ஆராயப்படவில்லை.

முதலாவதாக வந்த பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினார்கள். குலசேகரத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் துவக்கைப் பார்த்தார். தூரத்தில் முடிவுக் கோட்டில் தன் டப்லெற் கணினியுடன் நின்ற நிரூபனைப் பார்த்தார். இப்போது ஒரு சொல் சொன்னால் போதும், அந்த ஸ்பீக்கர் வந்துவிடும். அவர் மூச்சை இழுத்து, "அடுத்த ஓட்டம்!" என்றார்.

பத்து வயதுக்குட்பட்டோர், கரண்டியில் தேசிக்காய் ஓட்டம், அஞ்சல் ஓட்டம், பெற்றோர் கயிறிழுத்தல் என்று எல்லாமே, அவர் கையை உயர்த்தும்போதும், சில தடவை உயர்த்துவதற்கு முன்னரும், ஒழுங்காக ஆரம்பித்தன. மாலையில் றெஜினோல்ட் வந்து தோளில் தட்டினார். "குலம், இந்த முறை வெடி நல்ல தெளிவு. பெயிண்ட் பூசினதிலை சத்தமும் திருந்தியிருக்கு."

பரிசளிப்புக்கு முன்னால், பாண்டியன் இல்லம் முறைப்பாடு செய்தது. நீலப் பக்கம் கடைசியாக வந்திருந்ததால் அது எதிர்பார்க்கப்பட்டதே. மெற்றில்டா மேடைக்கே வந்தார்.

"வெடிச் சத்தம் சேரன் பக்கம்தான் பெரிசாக் கேட்டது. எங்கட பக்கம் மெல்லிசு. அண்ணை துவக்கைச் சாய்ச்சுப் பிடிச்சவர்."

"எனக்கு முடிவுக் கோட்டிலை சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது" என்றார் நிரூபன், டப்லெற்றைப் பார்த்தபடி. "ஒலியின்ரை வேகம் அப்படி. பீப் எண்டால் பிந்தாது."

றெஜினோல்ட் ஆரம்ப அலுவலரைப் பார்த்தார். "குலம், என்ன சொல்லுறீர்? சாய்ச்சனீரோ?"

சாய்த்தேன் என்றால் பக்கச்சார்பு. வெடிக்கவில்லை என்றால் பதவி இல்லை. குலசேகரம் துவக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் சாய்ச்சிருப்பன்" என்றார். "வருத்தப்படுறன்."

அவருடைய நேர்மைக்குக் கைதட்டல் கிடைத்தது. முறைப்பாடு ஏற்கப்பட்டு, பாண்டியன் இல்லத்துக்கு ஐந்து புள்ளிகள் நட்டஈடாக வழங்கப்பட்டன. அதன் பிறகு கிண்ணங்கள் கொடுக்க வந்திருந்த பிலிப்பா ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"ஒவ்வொரு வருடமும் உங்கள் வெடிச் சத்தத்தைப் பற்றி அயலவர்கள் முறைப்பாடு செய்வார்கள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். இன்று காலையிலிருந்து என் அலுவலக யன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்தேன். ஒரு வெடிகூடக் கேட்கவில்லை. ஒன்றுகூட. றோஸ் துவக்கு வைத்திருக்கும் அந்தக் கனவானுக்கு என் நன்றி."

அத்தனை தமிழரும் வாய் மூடி, ஒருமிக்கக் குலசேகரத்தைப் பார்த்தார்கள். அவருக்குத் தொப்பிக்குள் வியர்த்தது.

"பாத்தியளே?" என்றார் மெற்றில்டா. "அவவின்ரை கந்தோர் எங்கட பக்கம்தானே இருக்கு. அவவுக்கும் கேக்கேல்லை. நான் சொன்னனான், முழுச் சத்தமும் சேரன் பக்கம்தான் போயிருக்கு."

"எங்களுக்கு நல்லாக் கேட்டது" என்றார்கள் சேரன் பெற்றோர், விட்டுக்கொடுக்காமல். "காது அடைச்சுப்போச்சு."

"எங்களுக்கும் ஓரளவு கேட்டது" என்றார்கள் பல்லவன் பெற்றோர்.

றெஜினோல்ட் இரண்டு கையையும் உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். அடுத்த வருடம் வெடிச் சத்தம் நான்கு இல்லங்களுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதை உறுதி செய்வதற்கு உபகுழு ஒன்று நியமிக்கப்பட்டது. அனுபவத்தைக் கருத்திற்கொண்டு, அதன் தலைவராகக் குலசேகரம் ஏகமனதாகத் தெரிவானார்.